இரைப்பையில் அமிலம் எப்படிச் சுரக்கிறது, அது இரைப்பையையே ஏன் கரைப்பதில்லை?

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரைப்பையில் அமிலம் எப்படி உருவாகிறது? சாப்பிடாமல் இருந்தால் அது உள்ளே ஊறிக்கொண்டே இருக்குமா? கறியையே கரைக்கிற அமிலம் இரைப்பைச் சுவரை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால் மற்ற இரண்டும் எளிதில் விளங்கும்.

"வேளாவேளைக்குச் சாப்பிடலேன்னா ஆசிட் சுரந்து வயித்தப் புண்ணாக்கிடும்" என்று சொல்லாத பெரியவர்கள் நம் வீடுகளில் இல்லை. இதில் கால்வாசி உண்மை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் இரைப்பை அமிலத்தைத் தேக்கி வைப்பதில்லை. உணவு வரும்போதும், வரப்போகிறது என்று தெரியும்போதும்தான் மும்முரமாகச் சுரக்கிறது. மற்ற நேரத்தில் சுரப்பது உச்ச அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதிலும் காலையில் குறைவு, மாலையிலும் இரவிலும் கொஞ்சம் கூடுதல். நாள் முழுக்கச் சுரக்கும் இரைப்பை நீரைச் சேர்த்தால் ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் வரும்.

இதைக் கண்ணால் பார்த்துச் சொன்னவர் வில்லியம் போமான்ட் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். 1822 ஜூன் 6 அன்று, ஹியூரான் ஏரியில் உள்ள மேக்கினாக் தீவில், மிருகத்தோல் வியாபாரக் கம்பெனி ஒன்றின் கூலியாளான அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் மீது துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. பிழைக்கமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் இரைப்பையிலிருந்து வெளித்தோல் வரை ஒரு துளை ஆறாமலே நின்றுபோனது. போமான்ட் இறைச்சித் துண்டுகளைப் பட்டுநூலில் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே இறக்கி, நேரம் பார்த்து வெளியே இழுத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார். இரைப்பை நீரை வெளியே எடுத்து உடல் சூட்டிலேயே குப்பியில் வைத்தால் அங்கேயும் இறைச்சி கரைவதைப் பார்த்தார். 238 சோதனைகளைத் தொகுத்து 1833இல் புத்தகமாக வெளியிட்டார். வெறும் வயிற்றில் இந்த நீர் தேங்கி நிற்பதில்லை, உணவு உள்ளே வந்து பட்டதும் சுவரிலிருந்து கசிகிறது என்பது அவர் கண்ட முக்கியமான முடிவுகளில் ஒன்று. செயின்ட் மார்ட்டினுக்குக் கோபம் வந்தால் செரிமானம் குழம்புவதையும் எழுதியிருக்கிறார். காயம்பட்ட ஒரு ஏழைக் கூலியாளை ஒப்பந்தம் போட்டுச் சோதனைக்கு உட்படுத்தியதை இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. போமான்ட் 1853இல் இறந்துவிட்டார். செயின்ட் மார்ட்டின் அந்தத் துளையோடு 1880 வரை வாழ்ந்தார்.

அந்த நீரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை, போமான்ட்டின் சோதனைகளுக்குச் சற்று முன்பே, 1824இல் வில்லியம் பிரவுட் என்ற ஆங்கிலேய மருத்துவர் வெளியிட்டிருந்தார். தொழிற்சாலைகளில் இரும்புத் துருவை நீக்கப் பயன்படுத்துகிற அதே அமிலம்! உயிருள்ள உடல் இதை உண்டாக்குகிறது என்பதைப் பலரால் அப்போது நம்ப முடியவில்லை.

சரி, அதை உண்டாக்குவது யார்? இரைப்பையின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் குழாய் வடிவச் சுரப்பிகள் திறக்கின்றன. இரைப்பையின் மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் உள்ள சுரப்பிகளில் பரையேட்டல் செல்கள் என்று ஒரு வகை செல் இருக்கிறது. மொத்தத்தில் சுமார் 100 கோடி. அமிலம் சுரப்பது இவை மட்டுமே.

இந்த செல்லுக்குத் தேவையான மூலப்பொருள்கள் மிகச் சாதாரணமானவை: தண்ணீர், கரியமில வாயு, உப்பிலிருந்து வரும் குளோரைடு. செல்லுக்குள் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி தண்ணீரையும் கரியமில வாயுவையும் சேர்க்கிறது. அதிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியும் ஒரு பைகார்பனேட் அயனியும் பிரிகின்றன. இனி இரண்டுக்கும் வழி வேறு. பைகார்பனேட் செல்லின் பின்பக்கமாக ரத்தத்துக்குப் போகிறது, அதற்குப் பதிலாக ரத்தத்திலிருந்து குளோரைடு உள்ளே வருகிறது. அந்தக் குளோரைடு முன்பக்கம் உள்ள வாய்க்கால் வழியாக வெளியேறுகிறது. ஹைட்ரஜன் அயனியை அதே முன்பக்கமாக வெளியே தள்ளுவது புரோட்டான் பம்ப் என்கிற புரதம். ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே அனுப்பும்போது ஒரு பொட்டாசியம் அயனியை உள்ளே இழுக்கிறது. இதற்கு செல்லின் எரிபொருளான ஏடிபி செலவாகிறது.

கவனித்தீர்களா, செல்லுக்குள் எந்தக் கட்டத்திலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இல்லை. ஹைட்ரஜனும் குளோரைடும் தனித்தனியாக வெளியே வந்து, வெளியில்தான் சந்திக்கின்றன. அமிலத்தைத் தயாரிக்கிற செல் அமிலத்தில் வேகாமல் இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

இந்தப் பம்ப் செய்யும் வேலை சாமானியமானதல்ல. அமிலத்தன்மையை அளக்கும் எண் பிஎச்; அது குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள். ரத்தத்தின் பிஎச் 7.4. பரையேட்டல் செல்லிலிருந்து வெளிவரும் நீரின் பிஎச் 0.8 அளவுக்கு இறங்கும். அதாவது ரத்தத்தில் இருப்பதைப்போல 30, 40 லட்சம் மடங்கு அடர்த்தியான இடத்துக்கு ஹைட்ரஜன் அயனிகளைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உடலில் இதற்கு இணையான வேறு பம்ப் கிடையாது. அதற்கான சக்தியைத் தர, இந்த செல்லின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாக்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன.

பம்ப்புகள் எப்போதும் வேலை செய்யும் இடத்தில் நிற்பதில்லை என்பது இதில் சுவையான விஷயம். செல் ஓய்வாக இருக்கும்போது அவை உள்ளே நுண்ணிய பைகளின் சுவரில் பதிந்து சும்மா இருக்கும். சுரக்கச் சொல்லிச் சேதி வந்தால் அந்தப் பைகள் செல்லின் முன்பக்க வாய்க்காலோடு போய் ஒட்டிக்கொள்ளும். சில நிமிடங்களில் வாய்க்காலின் பரப்பு பல மடங்கு விரிந்துவிடும். இதை நினைவில் வையுங்கள், மாத்திரை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இன்னொன்று: அமிலம் சுரக்கும்போதெல்லாம் அதே அளவு பைகார்பனேட் ரத்தத்துக்குள் போவதால், வயிறு நிறையச் சாப்பிட்டபின் இரைப்பையிலிருந்து திரும்பும் ரத்தம் சற்றுக் காரத்தன்மை பெறுகிறது. ஓயாமல் வாந்தி எடுப்பவருக்கு அமிலம் வெளியே போய்விடும், பைகார்பனேட் மட்டும் உள்ளே தங்கிவிடும். அவருக்கு ரத்தத்தில் காரத்தன்மை ஏறி, பொட்டாசியமும் குறைவது இதனால்தான்.

சுரக்கச் சொல்லும் சேதி எங்கிருந்து வருகிறது? மூன்று இடங்களிலிருந்து. முதலாவது மூளை. பக்கத்து வீட்டில் மீன் வறுக்கும் வாசனை வந்தாலே வாயில் எச்சில் ஊறுவது நமக்குத் தெரிகிறது, அதே நேரத்தில் இரைப்பையும் தயாராவது தெரிவதில்லை. இதை நிரூபித்தவர் ரஷ்யாவின் இவான் பாவ்லவ். நாயின் உணவுக்குழாயைக் கழுத்திலேயே வெளிப்பக்கம் திறந்துவிட்டு, தின்றது எதுவும் வயிற்றுக்குப் போகாதபடி செய்தார். நாய் ஆசையாகத் தின்றது, இறைச்சி கழுத்து வழியாக வெளியே விழுந்தது. ஆனாலும் இரைப்பை நீர் ஏராளமாகச் சுரந்தது. மூளையிலிருந்து இரைப்பைக்கு வரும் வேகஸ் நரம்பை வெட்டியதும் நின்றுவிட்டது. 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய இந்த வேலைக்காகத்தான், பலரும் நினைப்பதுபோல மணியோசை கேட்டு நாய்க்கு எச்சில் ஊறிய சோதனைக்காக அல்ல. அவருடைய ஆய்வகம் நாய்களிடமிருந்து சேகரித்த இரைப்பை நீரை அஜீரணத்துக்கு மருந்தாக விற்றும் இருக்கிறது! ஒரு சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் இப்படி உணவு இரைப்பையைத் தொடும் முன்பே மூளையின் உத்தரவால் வருகிறது.

இரண்டாவது சேதி காஸ்ட்ரின் என்ற ஹார்மோன். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஜி செல்கள் உள்ளன. உணவு வந்து இரைப்பை விரிவதும், புரதம் உடைந்து சிறு துண்டுகளாவதும் இவற்றைத் தூண்டும். அவை விடும் காஸ்ட்ரின் நேராக உணவுக்குள் கலப்பதில்லை. ரத்தத்தில் ஏறி, உடலைச் சுற்றி, இரைப்பையின் மேற்பகுதிக்கே திரும்பி வருகிறது. ஜான் எட்கின்ஸ் என்பவர் இப்படி ஒரு ஹார்மோன் இருக்க வேண்டும் என்று 1905இல் சொன்னார். பல பத்தாண்டுகள் யாரும் சரியாக நம்பவில்லை. 1964இல் கிரிகரியும் ட்ரேசியும் பிரித்தெடுத்துக் காட்டிய பிறகுதான் விவகாரம் முடிந்தது.

மூன்றாவது ஹிஸ்டமின். தும்மல், அரிப்பு, அலர்ஜி என்று நாம் கேள்விப்படும் அதே ஹிஸ்டமின்தான். பரையேட்டல் செல்லின் அருகிலேயே உள்ள ஒரு வகை செல் இதை விடுகிறது. காஸ்ட்ரின் தன் வேலையில் பெரும்பகுதியை இந்த ஹிஸ்டமின் செல்லைத் தூண்டித்தான் சாதிக்கிறது. அப்படியானால் சளிக்குப் போடும் அலர்ஜி மாத்திரை ஏன் அமிலத்தைக் குறைப்பதில்லை? ஹிஸ்டமின் வந்து ஒட்டும் இடமான ஏற்பி இரைப்பையில் வேறு வகை. அதை மட்டும் அடைக்கும் மருந்தைத் தேடிய ஜேம்ஸ் பிளாக்கின் குழுவிடமிருந்து சிமெடிடின் வந்தது. 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது, 1988இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அதற்கு முன்னால் ஆறாத அல்சருக்கு வேகஸ் நரம்பை வெட்டுவதும் இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிடுவதும் சர்வசாதாரண அறுவை சிகிச்சைகளாக இருந்தன. இன்றைய இளம் சர்ஜன்களில் பலர் அவற்றைச் செய்தே பார்த்திருக்கமாட்டார்கள்.

தூண்டுதல் மட்டும் இருந்தால் போதாது, பிரேக்கும் வேண்டும். உணவு கலந்திருக்கும்வரை அது அமிலத்தை ஓரளவு உறிஞ்சி மட்டுப்படுத்தும். உணவு மெல்ல வெளியேற, பிஎச் 3க்குக் கீழே இறங்கும்போது இரைப்பையின் டி (D) செல்கள் சொமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனை விடுகின்றன. அது காஸ்ட்ரினையும் ஹிஸ்டமினையும் சேர்த்தே அடக்குகிறது. போதுமான அமிலம் சேர்ந்துவிட்டால் அமிலமே தன் சுரப்பை நிறுத்திக்கொள்கிறது என்று பொருள். பட்டினி கிடந்தால் அமிலம் பெருகிக்கொண்டே போகாததற்கு இதுதான் காரணம். இதை மீறுகிற நோய் ஒன்று உண்டு, ஆனால் அபூர்வம். காஸ்ட்ரின் சுரக்கும் கட்டி ஒன்று, பெரும்பாலும் கணையத்திலோ முன்சிறுகுடலிலோ வளர்ந்து, எந்தப் பிரேக்கையும் மதிக்காமல் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். சோலிஞ்சரும் எல்லிசனும் 1955இல் இதை விவரித்தார்கள்.

அமிலத்தின் வேலை உணவைக் கரைப்பது என்று பொதுவாகச் சொல்வோம். உண்மையில் அது கிருமிகளைக் கொல்கிறது, புரதத்தின் மடிப்புகளை அவிழ்க்கிறது, அவ்வளவுதான். வெட்டுகிற வேலை பெப்சின் என்ற நொதியுடையது. தியோடர் ஷ்வான் 1836இல் கண்டுபிடித்தது இது. சுரப்பியின் அடியில் உள்ள சீஃப் செல்கள் இதை பெப்சினோஜன் என்ற செயலற்ற வடிவில் வெளியிடுகின்றன. அமிலம் பட்டதும் அதன் ஒரு துண்டு கழன்று பெப்சினாகிறது. பிறந்த பெப்சின் அடுத்தடுத்த பெப்சினோஜனை உடைக்கிறது. தயாரிக்கும் செல் தப்பிப்பதற்கு இங்கேயும் அதே உபாயம்தான்: ஆபத்தான பொருள் வெளியே வந்தபின்தான் உருவாகிறது. பெப்சின் முக்கியம்தான், ஆனால் புரதச் செரிமானத்தில் பெரும்பகுதி சிறுகுடலில்தான் நடக்கிறது. கொழுப்பை உடைக்கும் ஒரு லைப்பேஸும் இரைப்பையில் சுரக்கிறது. கணையம் இன்னும் முழுதாக வேலை தொடங்காத பச்சிளம் குழந்தைகளுக்கு இது பெரிய துணை.

என்னைக் கேட்டால் இரைப்பை சுரப்பவற்றில் உயிருக்கு இன்றியமையாதது அமிலமும் இல்லை, பெப்சினும் இல்லை. அதே பரையேட்டல் செல் அமிலத்தோடு சேர்த்து விடும் 'உள்காரணி' என்ற புரதம்தான் அது. வைட்டமின் பி12 இதோடு ஒட்டிக்கொண்டால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒழுங்காக உறிஞ்சப்படும். பாஸ்டனில் வில்லியம் காசில் என்ற மருத்துவர் 1920களின் கடைசியில் இதைக் கண்டுபிடித்த விதம் கொஞ்சம் குமட்டலானது. தானே மாட்டிறைச்சியைச் சாப்பிட்டு, சிறிது நேரம் கழித்து அதை வெளியே எடுத்து, கொடிய ரத்தசோகை நோயாளிகளுக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார். அவர்களுக்கு ரத்தம் ஊறியது. வெறும் மாட்டிறைச்சி கொடுத்தபோது ஊறவில்லை. ஆரோக்கியமான இரைப்பையில் ஏதோ ஒன்று இருக்கிறது, நோயாளியின் இரைப்பையில் அது இல்லை என்று தெளிவாயிற்று. நோயெதிர்ப்பு மண்டலமே பரையேட்டல் செல்களை அழித்துவிடும் நோய் இது. அமிலம் இல்லாமல்கூட இவர்கள் சாப்பிட்டுச் செரித்து வாழ முடியும், பி12 மருந்து இல்லாமல் முடியாது.

இனி மூன்றாவது கேள்வி: சுவர் ஏன் கரைவதில்லை? உட்சுவர் முழுக்க வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரி ஒரு சளிப்படலம் மூடியிருக்கிறது. அதன் அடியில் செல்கள் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. இரைப்பைக்குள் பிஎச் 2 இருக்கும்போதும் அந்தப் படலத்தின் அடியில், செல்லைத் தொடும் இடத்தில், கிட்டத்தட்ட 7. பெப்சின் அங்கே வந்தாலும் செயலற்றுப்போகும். மேற்பரப்பு செல்கள் ஒன்றோடொன்று நெருக்கமாக இணைந்திருக்கின்றன. சில நாட்களுக்கு ஒருமுறை பழையவை உதிர்ந்து புதியவை வருகின்றன. கசிந்து உள்ளே வரும் கொஞ்ச நஞ்ச அமிலத்தை ரத்த ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும்.

இந்தப் பாதுகாப்பை எல்லாம் நடத்துவது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், இப்யூப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் நிறுத்துவது அதைத்தான். அதனால் "மாத்திரைதானே வயித்துக்குக் கெடுதல், ஊசி போட்டுக்கிறேன்" என்பதில் பெரிய பயனில்லை. ஊசியும் ரத்தம் வழியாக இதே வேலையைத்தான் செய்யும். இரண்டாவது எதிரி ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. யூரியாவை அம்மோனியாவாக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தை முறித்துக்கொண்டு, சளிப்படலத்துக்குள் குடியிருக்கிறது. அமிலத்தில் எந்தக் கிருமியும் தங்காது என்று எல்லாரும் சாதித்தபோது ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக்கொண்டார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் கிடைத்தது.

அல்சரில் பெரும்பாலானவை இந்த இரண்டால் வருபவை. பட்டினியால் அல்ல. அப்புறம் அந்தக் கால்வாசி உண்மை: முன்சிறுகுடலில் ஏற்கெனவே புண் இருப்பவருக்கு வெறும் வயிற்றில் வலி கூடும், ஏதாவது சாப்பிட்டால் அடங்கும். அமிலத்தை மட்டுப்படுத்த உணவு இல்லாததுதான் காரணம். பசித்தபோது வலித்ததைப் பார்த்தவர்கள் பசியால்தான் புண் வந்தது என்று முடிவுகட்டியிருக்கிறார்கள்.

இரைப்பையைத் தாண்டியதும் கதை தலைகீழ். அமிலம் முன்சிறுகுடலைத் தொட்டவுடன் செக்ரெட்டின் ரத்தத்தில் கலந்து, கணையத்திலிருந்து பைகார்பனேட்டை வரவழைக்கிறது. பேலிஸும் ஸ்டார்லிங்கும் 1902இல் கண்டுபிடித்த இதுதான் முதன்முதலாக நிரூபிக்கப்பட்ட ஹார்மோன். கொழுப்பும் புரதமும் வந்தால் கோலிசிஸ்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் கிளம்பி, கணைய நொதிகளையும் பித்தப்பையிலிருந்து பித்தத்தையும் விடச் செய்கிறது. கூடவே இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. எண்ணெய் மிதக்கும் பிரியாணி நெடுநேரம் வயிற்றில் கனப்பது இதனால். எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு சுமார் 7 லிட்டர். ஏறக்குறைய எல்லாமே குடலில் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அமிலம் கூடுதலாகச் சுரப்பதில்லை. சாதாரண அளவு அமிலம், உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வு சரியாக மூடாததால் மேலே ஏறுகிறது. இரைப்பைக்கு உள்ள சளிப் பாதுகாப்பு உணவுக்குழாய்க்குக் கிடையாது, அதனால் எரிகிறது. பால் குடித்தால் உடனே இதமாக இருக்கும். ஆனால் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் காஸ்ட்ரினைத் தூண்டுவதால் சற்று நேரத்தில் அமிலம் கூடிவிடும். மிளகாய் எரிவதும் அமிலத்தால் அல்ல. சூட்டை உணரும் நரம்பு ஏற்பிகளைக் காப்சைசின் தொடுவதால்.

கடைசியாக மாத்திரை. ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகைகள் புரோட்டான் பம்ப்பையே பூட்டிவிடுபவை. முதலாவதான ஒமிப்ரசோல் 1988இல் சந்தைக்கு வந்தது. இவை சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தம் வழியாகப் பரையேட்டல் செல்லுக்கு வந்து, அங்கே அமிலம் சுரக்கும் வாய்க்காலில்தான் செயல்படும் வடிவம் பெறுகின்றன. உள்ளே ஓய்வெடுக்கும் பம்ப்பை இவற்றால் தொட முடியாது. ரத்தத்தில் இருப்பதோ ஓரிரு மணி நேரம்தான். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்வது இதனால்தான். மருந்து வந்து சேரும் நேரமும் பம்ப்புகள் வெளியே வரும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகும்போது போட்டுவிட்டு "கேட்கவே மாட்டேங்குது" என்பவர்கள் ஏராளம்.

மாதக்கணக்கில் இதை எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக எரியக்கூடும். அமிலம் குறைவாக இருந்ததால் பிரேக் விழவில்லை, காஸ்ட்ரின் ஏறிக்கொண்டே போனது, ஹிஸ்டமின் செல்களும் பெருத்துவிட்டன. பம்ப் திறந்ததும் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். அதற்குள் நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடியும் தாங்களாகவே மெடிக்கலில் வாங்கிப் போடுகிறார்கள். மருத்துவரிடம் சொல்லி, அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது நல்லது. நீண்டகாலம் தொடர வேண்டியவர்கள் பி12, மெக்னீசியம் அளவுகளை அவ்வப்போது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மலம் தார்போலக் கறுத்துப்போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ மாத்திரையில் காலம் கடத்தாமல் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுங்கள்.